காரின் குளிர் குறைந்தாற் காஸ்தான் குற்றவாளியா?

சித்திரை மாதத்து நண்பகலில் வவுனியாவைத் தாண்டி வடக்கு நோக்கிக் காரிற் செல்வோருக்குக் குளிரூட்டியின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய வேளையில் அது வெதுவெதுப்பான காற்றை வீசத் தொடங்கினால், வண்டியிலுள்ளோர் யாவரும் ஒருமுகமாகக் கூறும் தீர்ப்பு ஒன்றே: “காஸ் முடிந்துவிட்டது.” கராஜிலும் பெரும்பாலும் அதே தீர்ப்புத்தான். பணம் கொடுத்துக் காஸ் நிரப்பப்படுகின்றது. சில மாதங்கள் குளிர் வருகின்றது. பின்னர் பழைய கதையே.

குளிரூட்டியின் காஸ், பெற்றோலைப் போல எரிந்து செலவாகும் பொருளன்று. அது மூடிய குழாய்களுக்குள்ளே, உடலில் இரத்தம் சுற்றுவதைப் போல, சுற்றிக்கொண்டேயிருப்பது. ஆண்டுதோறும் குறைகின்றதெனின் எங்கோ ஒழுக்கு உண்டு என்பதே பொருள். ஒழுக்கை அடைக்காது காஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

வைத்தியசாலையில் ஊசி ஏற்றுமுன் கையிலே தடவப்படும் ஸ்பிரிற்று சில்லென்றிருப்பதை மாணவர் அறிவர். அது ஆவியாகும்போது தோலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. காரிலும் நிகழ்வது இதுவே. 1990ஆம் ஆண்டுகள் முதல் பெரும்பாலான கார்களிற் பயன்பட்ட ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரண வளிமண்டல அமுக்கத்திலே பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகை சென்ரிகிறேட்டிற் கொதித்துவிடும். டாஷ்போட்டின் பின்னே மறைந்துள்ள குழாய்த்தொகுதியில் அது ஆவியாகி, உள்ளேயுள்ள காற்றின் வெப்பத்தை ஏற்றுக்கொள்கின்றது. கொம்பிறெசர் அவ்வாவியை உறிஞ்சி நெருக்கி, றேடியேற்றருக்கு முன்னாலுள்ள கொண்டென்சருக்கு அனுப்புகின்றது. அங்கே வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, திரவமாகி மீண்டும் உள்ளே வருகின்றது. ஆகவே குளிரூட்டி குளிரை ஆக்குவதில்லை. வெப்பத்தைச் சுமந்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகின்றது. கொட்டும் வழி அடைபட்டால், காஸ் நிறைய இருந்தும் பயனில்லை.

1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பக்கார்ட் கொம்பனி முதன்முதலாகக் காரிற் குளிரூட்டியைப் பொருத்தி விற்றபோது, அதனை நிறுத்துவதற்கு எஞ்சினை ஓயவைத்துப் பெல்ற்றைக் கழற்ற வேண்டியிருந்ததாம்! இன்று ஒரு பொத்தான் போதும். அந்த எளிமையே உள்ளே நடப்பதைப் பற்றி நம்மைச் சிந்திக்கவொட்டாமற் செய்துவிட்டது போலும்.

கராஜுக்குப் போகுமுன் வீட்டு முற்றத்திலேயே அறியக்கூடியவை பல உள. முதலிற் கவனிக்க வேண்டியது, காற்றே குறைவாக வருகின்றதா, அல்லது காற்று பலமாக வந்தும் குளிர் இல்லையா என்பது. விசிறியை முழுவேகத்தில் வைத்தும் காற்று நலிந்து வந்து, வருகின்ற சிறிது காற்றும் குளிராகவே இருந்தால், காஸின்மேற் பழி சுமத்துதல் தகாது. பல கார்களிற் கையுறைப் பெட்டிக்குப் பின்னே காற்றை வடிக்கும் பில்ற்றர் ஒன்று உண்டு. அதனை இழுத்துப் பார்த்தால் செம்மண் புழுதியும் உலர்ந்த இலைகளும் கம்பளம்போல் அப்பியிருப்பதைக் காணலாம். மாற்றுவதற்குச் சில நிமிடங்களே செல்லும்.

ஓடும்போது குளிர்ந்து, கொழும்பு வீதிகளின் நெரிசலில் நின்றவுடன் வெப்பமாகின்றதெனின், கொண்டென்சருக்குக் காற்று ஊட்டும் மின்விசிறியையே ஐயுறவேண்டும். ஓட்டத்தில் எதிர்க்காற்று அவ்வேலையைச் செய்துவிடும். நின்றால் விசிறியன்றி வேறு கதியில்லை. கொண்டென்சரின் தகடுகளிற் புழுதியும் பூச்சிகளும் அடைந்திருந்தாலும் இவ்வாறே நிகழும். எஞ்சின் ஆறியபின் மெல்லிய நீர்த்தாரையாற் கழுவிவிடலாம். தகடுகள் மென்மையானவையாதலின் வேகமான நீர் அவற்றை வளைத்துவிடும்.

தொடக்கத்தில் நன்கு குளிர்ந்து, ஒரு மணி நேர ஓட்டத்தின்பின் காற்று அறவே குறைந்து, சற்று நிறுத்திவைத்தால் மீண்டும் வருகின்றதா? உள்ளேயுள்ள குழாய்த்தொகுதியிற் பனிக்கட்டி படிந்து காற்றின் வழியை மறிக்கின்றது. முன்னாசனத்தின் காலடியில் நீர் தேங்கினால், வடிகுழாய் அடைபட்டிருத்தல் கூடும். வண்டியின் அடியிலே தெளிந்த நீர் சொட்டுவதைக் கண்டு அஞ்சுவோர் உளர். அது காற்றிலிருந்த ஈரமே. ஈரப்பதன் மிகுந்த நாளில் அது சொட்டாதிருந்தாற்றான் ஆராயவேண்டும்.

இவை எவையும் இல்லையெனின் காஸைப் பற்றிப் பேசலாம். றப்பர்க் குழாய்கள் வழியே பல்லாண்டுகளிற் சிறிது கசிவது இயல்பே. ஆனால் விரைவிற் குறைந்தால், மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டா எனப் பார்க்கவேண்டும். காஸோடு கலந்தோடும் எண்ணெய் ஒழுக்கு உள்ள இடத்திலே தடம் விடும். நல்ல மெக்கானிக் ஒழுக்கை அடைத்து, வெற்றிடப் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அகற்றி, பின்னர் தராசில் நிறுத்தே நிரப்புவார். எத்தனை கிறாம், எவ்வகைக் காஸ் என்பது பொனற்றின் கீழுள்ள சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். சிறு காரொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோவே போதும். அளவுக்கு மிஞ்சினாற் குளிர் கூடாது, குறையும். கையாற் குழாயைத் தொட்டுப் பார்த்து “இன்னும் கொஞ்சம்” என்பவரிடம் வண்டியைக் கொடுக்க நான் உடன்படேன்.

வகையைக் கேட்டறிவதற்கும் காரணமுண்டு. பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படையை அரிப்பதனால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை வழியாகக் கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாதெனினும் பூமியை வெப்பமாக்குவதிற் காபனீரொட்சைட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017ஆம் ஆண்டு முதல் புதிய கார்களில் அதற்கும் இடமில்லை. ஒன்றோடொன்றைக் கலத்தலும் வெறுமனே வெளியில் விடுதலும் ஆகா.

இனி வெப்பமூட்டுதல். நுவரெலியாவுக்குச் செல்லாதோருக்கு இது தேவையற்றதாகத் தோன்றலாம். ஆயினும் எஞ்சினின் சுடுநீர் ஓடும் சிறு றேடியேற்றர் ஒன்று பெரும்பாலான கார்களிற் குளிர்க்குழாய்களுக்கு அண்மையிலேயே இருக்கின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள கதவு சரிவர மூடாவிட்டால், குளிர்ந்த காற்றோடு வெங்காற்றும் கலந்துவிடும். ஒரு காற்றுவாயிற் குளிரும் மற்றொன்றில் வெப்பமும் வருவது இதன் அறிகுறியாகலாம். கண்ணாடியிற் பிசுபிசுப்பான படலமும் உள்ளே இனிப்பு மணமும் தோன்றினால், அச்சிறு றேடியேற்றர் ஒழுகுகின்றதெனக் கொள்க. எஞ்சின் நீரின் அளவைப் பார்க்கவேண்டும். சூடாயிருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறத்தல் கூடாது.

மலைப்பாதை மழையிற் கண்ணாடி உட்புறமாக மங்கினால், வெளிக்காற்றை உள்ளே விட்டு, வெப்பத்தையும் குளிரூட்டியையும் ஒருங்கே இயக்குக. குளிரூட்டி ஈரத்தை வாங்கும். வெப்பம் கண்ணாடியைத் தெளிவாக்கும். கொழும்பின் புழுக்கமான இரவில் வெளிப்புறம் மங்குவது வேறு: அங்கே கண்ணாடியே மிகக் குளிர்ந்துவிட்டது. வைப்பரைப் போட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடவேண்டும்.

வெயிலில் மூடி நிறுத்திய காரினுள் வெப்பநிலை ஒரு மணி நேரத்துள் 20 பாகைக்கு மேல் உயரக்கூடும். உயர்வின் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே நிகழ்கின்றது. “ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்” என்று குழந்தையை உள்ளே விட்டுச் செல்லலாகாது. குளிரூட்டி ஓடுகின்றதே என்பதும் சமாதானமாகாது. எஞ்சின் நின்றாற் குளிரும் நிற்கும். மூடிய கராஜிலே எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உறங்குவது அதனினும் கொடியது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவர் விழிப்பதில்லை.

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு இரு செய்திகள். அவற்றுட் பல, பின்னாசனத்தின் அருகிலுள்ள துவாரம் வழியாகக் காரின் உட்காற்றை இழுத்தே பற்றரியைக் குளிர்விக்கின்றன. பையோ துணியோ அதனை மூடலாகாது. மேலும், அவற்றின் கொம்பிறெசர் பெரும்பாலும் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்குரிய எண்ணெய் மின்கசிவைத் தடுக்கும் தனி வகை. சாதாரணக் காருக்கு ஊற்றும் எண்ணெய் சிறிது கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, விலையுயர்ந்த கொம்பிறெசரையே மாற்ற நேரிடலாம். எந்த எண்ணெய் ஊற்றப்போகின்றார் என்பதை, மெக்கானிக் குழாயைப் பூட்டுமுன்னரே கேட்டுவிட வேண்டும்.