சொல்லடைவு மென்பொருளும் தமிழாய்வும்: ஆண்ட்கான்க் குறித்த அறிமுக விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இலக்கிய, இலக்கண ஆய்வுகளில் சொல்லாட்சிகளைத் தொகுத்து எண்ணிக் காட்டும் வழக்கம் பெருகிவருகிறது. அதற்குப் பயன்படும் கட்டணமில்லா மென்பொருள்களுள் ஆண்ட்கான்க் குறிப்பிடத்தக்கது. அது என்ன செய்கிறது, தமிழ்ப் பனுவலை எவ்வாறு படிக்கிறது, அதன் விடைகளை எந்த அளவிற்கு நம்பலாம் என்பனவற்றைக் கணினிப் பயிற்சி குறைந்த தமிழாய்வாளரும் அறியும் வகையில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: சொல்லடைவு, ஆண்ட்கான்க், ஒருங்குறி, புள்ளி, புணர்ச்சி, வகையுளி.

முன்னுரை

சொல்லடைவு தமிழுலகிற்குப் புதியதன்று. 1962இல் வ.அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1955இல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1967 முதல் 1970 வரை ‘பழந்தமிழ் நூற் சொல்லடைவு’ என்னும் தொகுப்பை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு சொல் எந்நூலில் எவ்விடத்தில் பயில்கிறது என்பதை அறிய இன்றும் இத்தகைய அடைவுகளையே நாடுகிறோம்.

அச்சு அடைவில் ஒவ்வொரு பதிவையும் இலக்கணம் அறிந்த ஒருவர் பிரித்து, இனங்கண்டு, உரிய இடத்தில் சேர்த்திருக்கிறார். மென்பொருள் அப்பணியைச் சில நொடிகளில் முடிக்கிறது. எனினும் அதற்கு இலக்கண அறிவு இல்லை. இவ்வேறுபாட்டை உணராது பெறும் எண்ணிக்கை ஆய்வேட்டில் ஏறினால், பின்வருவோர் அதனையே சான்றாகக் கொள்ள நேரும்.

மென்பொருளின் இயல்பு

ஆண்ட்கான்க் மென்பொருளை உருவாக்கியவர் சப்பானின் வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆந்தனி. 2002இல் முதன்முதலில் வெளிவந்த இது விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது.  ஆய்வாளர் அளிக்கும் கோப்புகளை இது ஆராய்கிறது. இதன் முதன்மையான பணிகள் நான்கு.

முதலாவது, சூழலடைவு. தேடிய சொல்லை நடுவில் நிறுத்தி, அதன் முன்னும் பின்னும் வரும் சொற்களை இருபுறமும் காட்டும். க்விக் எனப்படும் இம்முறையைப் பரவச் செய்தவர் ஐபிஎம் நிறுவனத்தைச் சார்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன். இரண்டாவது, சொற்பட்டியல். பனுவலிலுள்ள சொல்வடிவங்கள் அனைத்தையும் எண்ணிக்கை வரிசையில் தரும். மூன்றாவது, உடன்வருசொற்கள். ஒரு சொல்லின் இடமும் வலமும் குறித்த எல்லைக்குள் அடிக்கடி வரும் சொற்களைக் கணக்கிடும். நான்காவது, சிறப்புச்சொற்கள். ஒரு பனுவலை மற்றொரு பெருந்தொகுதியோடு ஒப்பிட்டு, முன்னதில் மிகுதியாகப் பயிலும் சொற்களை எடுத்துக்காட்டும். சான்றாக, பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த 1908 – 1918 காலப்பகுதியில் இயற்றிய குயில் பாட்டை அவருடைய பிற கவிதைகளோடு இவ்வாறு ஒப்பிடலாம்.

தரவினை அணியப்படுத்துதல்

மென்பொருளுக்கு அளிக்கும் பனுவல் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்ட எளிய உரைக்கோப்பாக இருத்தல் நலம். டிஸ்கி, டாப் முதலிய பழைய குறியேற்றங்களில் தட்டச்சான கோப்புகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். பிடிஎஃப் கோப்பிலிருந்து படியெடுத்த பனுவலில் எகர, ஏகரக் கொம்புகள் இடம் மாறி நிற்பதுண்டு. அதனையும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

கண்ணுக்குப் புலப்படாத சிக்கல்களும் உள. ‘கோ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் ககரத்தோடு ஓகாரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எழுத்துக் குறியெண்களை மட்டும் ஒப்பிடும் தேடலில் இவை வேறுவேறு. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்வோரும் பலர். முன்னதை என்எஃப்சி எனப்படும் சீராக்க முறையால் ஒருமைப்படுத்தலாம். பின்னதை அது திருத்தாது. ஆய்வாளரே தேடித் திருத்த வேண்டும்.

சொல் எது என அறிவித்தல்

எவ்வகைக் குறிகள் சேர்ந்து ஒரு சொல்லாகும் என்பதை அமைப்புகள் பகுதியில் மென்பொருளுக்கு அறிவிக்கிறோம். ஒருங்குறியில் உயிரெழுத்துகளும் அகர உயிர்மெய்களும் ‘எழுத்து’ என்னும் வகையைச் சாரும். கால், கொம்பு, சுழி முதலிய உயிர்க்குறிகள் 11உம் புள்ளியும் ‘குறி’ என்னும் வகையைச் சாரும். அமைப்பில் ‘எழுத்து’ மட்டும் தேர்வாகியிருப்பின் குறிதோறும் சொல் உடைபடும். ‘புதுவை’ என்பது ப, த, வ என மூன்றாகும். ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என இரண்டாகும்.

இக்கட்டுரையாளர் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக முதன்முதலில் எடுத்த சொற்பட்டியலின் தலைப்பில் ஒற்றை எழுத்துகளே நின்றன. அவற்றை ஓரெழுத்தொருமொழிகள் எனக் கருதிச் சிறிது மகிழ்ந்ததும் உண்டு. ‘குறி’ என்னும் வகையையும் சேர்த்த பின்னரே உண்மையான பட்டியல் கிடைத்தது. எனவே, பட்டியலை எடுத்தவுடன் அதன் முதற்பக்கத்தைக் கண்ணால் படித்துப் பார்ப்பது முதற் கடமையாகும்.

புள்ளியும் தேடலும்

தொல்காப்பிய நூன்மரபு புள்ளியை மெய்யின் இயல்பாகக் கொள்கிறது. அகரம் சேரும்போது புள்ளி நீங்கும் என்றும், பிற உயிர்கள் சேரும்போது வடிவு திரியும் என்றும் உரைக்கிறது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியோ இந்திய எழுத்துகளுக்கென அமைந்த இஸ்கி குறியேற்றத்தை ஒட்டியது. அதில் அகர உயிர்மெய்யே அடிப்படை. புள்ளி அதன்மேல் சேர்க்கப்படும் ஒரு குறி. இலக்கண மரபுக்கு நேர்மாறான இவ்வமைப்பே தேடலின் விளைவுகளைத் தீர்மானிக்கிறது.

ஆண்ட்கான்க்கில் உடுக்குறி (*) ‘இதன்பின் எதுவும் வரலாம்’ எனப் பொருள்படும். ‘மர*’ எனத் தேடினால் மரம், மரபு, மரணம் ஆகியவற்றோடு மருதமும் மருந்தும் வந்து சேரும். ‘ரு’ என்பது மென்பொருளுக்கு ரகரமும் உகரக்குறியுமே ஆதலின், அது ‘மர’ என்பதனை மருதத்திலும் காண்கிறது.

இதே இயல்பு நன்மையாகவும் அமையும். ‘மரம*’ எனப் புள்ளியின்றித் தேடினால் மரம், மரமும், மரமே ஆகிய மூன்றும் கிடைக்கும். மெய்யீற்றுச் சொல்லின்முன் உயிர் வந்து ஏறிய வடிவங்களைப் புள்ளியை நீக்கித் தேடுவதே திரட்டித் தரும். சாரியையும் பன்மையும் ஏற்ற வடிவங்களுக்கு ‘மரத்*’, ‘மரங்*’ என்பனவற்றையும், தொகைகளுக்கு ‘மரக்*’ போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். புள்ளியிட்டால் தேடல் குறுகும். புள்ளி நீங்கினால் விரியும். ‘கண்*’ எனின் கண்ணும் கண்ணீரும் கண்டானும் வரும். ‘கண*’ எனின் அவற்றோடு கணவனும் கணையும் வரும்.

புணர்ச்சியும் வகையுளியும்

‘பொன்’ என்னும் சொல்லின் ஆட்சிகளைத் தொகுப்பதாகக் கொள்வோம். ‘பொன*’ எனத் தேடினால் ‘பொற்குடம்’ விடுபடும். ‘பொற்*’ எனவும் தேட வேண்டும். அப்போது அழகு எனப் பொருள்படும் ‘பொற்பு’ இடையே புகும். ‘பொன்னி’ என்னும் ஆற்றின் பெயரும் முன்னரே புகுந்திருக்கும். இவற்றைச் சூழலடைவில் ஒவ்வொன்றாகப் படித்தே விலக்க இயலும். செய்யுள் வழக்கான ‘பொலம்’ என்னும் வடிவமோ எத்தேடலிலும் தானாக வாராது. அதனைத் தேட வேண்டும் என்பது பாடம் கேட்டவருக்கே தெரியும்.

மேலும், சீர்பிரித்த பாடத்தில் வகையுளியால் ஒரு சொல் இரு சீர்களாக உடைந்து நிற்கும். மென்பொருள் இடைவெளியையே சொல்லின் எல்லையாகக் கொள்ளும். ஆகவே அச்சொல்லைக் காணாது. சொல்பிரித்த பதிப்பைப் பயன்படுத்தினால் இக்குறை நீங்கும். எனினும் அப்பிரிப்பு பதிப்பாசிரியரின் கருத்தாகலின், எப்பதிப்பு என்பதைச் சுட்டுதல் வேண்டும்.

எண்ணிக்கையை ஆய்வேட்டில் சுட்டும் முறை

இவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. எண்ணிக்கை தரும்போது பயன்படுத்திய பதிப்பு, அது சீர்பிரித்ததா சொல்பிரித்ததா என்பது, மென்பொருளின் பதிப்பெண், தேடிய வடிவங்கள், விலக்கிய ஆட்சிகள் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். ‘இந்நூலில் இச்சொல் இல்லை’ என முடிவு கூறுமுன், புணர்ச்சியில் திரியும் வடிவங்கள் அனைத்தையும் தேடியதோடு அச்சுச் சொல்லடைவோடும் ஒப்பிட வேண்டும். ‘உண்டு’ என்பதற்கு ஓர் ஆட்சி போதும். ‘இல்லை’ என்பதற்கோ தேடல் முழுமையாக இருந்தாக வேண்டும்.

முடிவுரை

ஆண்ட்கான்க் பனுவலிலுள்ள எழுத்துத் தொடர்களை ஒப்பிட்டு, எண்ணி, அடுக்கித் தரும் கருவி. சொல்லை இனங்காண்பதும் பொருள் கொள்வதும் ஆய்வாளரின் பணிகளாகவே எஞ்சுகின்றன. எழுத்தும் புணர்ச்சியும் யாப்பும் கற்றவர் கையில் இது பல மாத உழைப்பைச் சில நாட்களாகக் குறைக்கும். ஆதலின், தமிழ்த்துறைகள் மென்பொருட் பயிற்சியைத் தனியே நடத்தாது எழுத்ததிகாரப் பாடத்தோடு இணைத்து நடத்துதல் பயனுடையதாகும். புள்ளி பற்றிய நூற்பாவைக் கற்கும் மாணவர், அதே வகுப்பில் ‘மர*’ எனத் தேடி மருதம் வருவதையும் காணட்டும்.