ஒரு துரும்பும் கொஞ்சம் கரியும்

திருச்சுழியிலிருந்து கமுதி போகும் வழியில் ஒரு கரிமூட்டம். சீமைக்கருவேலக் கட்டைகளைக் குவித்து அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசித் தீ வைத்திருந்தார்கள். மேல்மண் வெடித்துக் காற்று புகுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சாம்பல். அதனால் இரவும் பகலும் காவல்.

மூட்டக்காரர் ஞானஸ்நானம் பெற்று நாலு வருடம் ஆகிறது. மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வரி பிரித்துக்கொண்டு அவருடைய அண்ணன் வந்திருந்தார்.

“தலைக்கட்டு வரிய நான் குடுத்துர்றேண்ணே. அரிசியும் தாரேன். சாமி முன்னால வந்து நிக்க மட்டும் என்னையக் கூப்பிடாதீக.”

“காசுக்கா வந்தேன்? உன்னையக் கூட்டிட்டுப் போக வந்தேன்டா தம்பி.”

தம்பி பதில் சொல்லவில்லை. ஈரமண்ணை அள்ளி ஒரு வெடிப்பில் அப்பினார்.

கடவுளை நம்புவதையும் விசுவாசம் என்கிறோம். உப்பிட்டவரை மறவாதிருப்பதையும் விசுவாசம் என்கிறோம். இரண்டும் ஒரே நாளில் வாசலில் வந்து நின்றால் எதற்குக் கதவு திறப்பது? சேதுபதிகள் ஆண்ட மறவர் சீமையில் இந்தக் கேள்வி 1693-லேயே எழுந்தது.

தடியத்தேவர் அரச வம்சத்தவர், அரியணைக்கே உரிமை கோரக்கூடியவர். நோயில் படுத்திருந்தவருக்கு ஓர் உபதேசியார் வந்து ஜெபித்தார், பிழைத்து எழுந்தார். ஞானஸ்நானம் கேட்டார். காவியுடுத்திய போர்த்துகீசியத் துறவி அருளானந்தர், ஜான் தெ பிரிட்டோ, ஒரே நிபந்தனை வைத்தார்: ஒரு மனைவி மட்டும். தேவர் சம்மதித்தார். மற்றவர்களைச் சகோதரிகளாக வைத்துக் காப்பதாகச் சொன்னார். ஜனவரி 6-ம் தேதி ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் இளையவள், கிழவன் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். அவள் சேதுபதியிடம் போய் அழுதாள். பிரசங்கங்களில் இவளை, வேதாகமத்தில் தீர்க்கதரிசியின் தலையைக் கேட்க வைத்த ஏரோதியாளோடு சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். எனக்கு அது மனம் ஒப்பவில்லை. அவள் என்ன தப்பு செய்தாள்? தாலி கட்டியவனை நம்பி வந்தவள். ஒரு காலையில் ‘நீ இனி எனக்குத் தங்கை’ என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் வயிறு எரியாது? தேவரின் கீழ்ப்படிதலுக்கு விலை கொடுத்தவர்களில் அவளும் உண்டு. சபை அவளுக்காகவும் ஜெபிக்கக் கடன்பட்டிருக்கிறது.

ஜனவரி 8-ம் தேதி அருளானந்தர் பிடிபட்டார். அவருக்கு இது புதிதல்ல. 1686-லேயே இதே சீமையில் சித்திரவதைப்பட்டவர். இங்கே இனிப் போதிக்கக்கூடாது என்று சொல்லி இதே சேதுபதிதான் விடுவித்தார். பிறகு லிஸ்பன் போனபோது, சிறுவயதில் அரண்மனையில் கூட வளர்ந்த பேதுரு அரசனாக இருந்தார். அங்கேயே இருந்துவிடச் சொன்னார். பால்ய சிநேகம், அரசன் சொல், சொந்த ஊர். மூன்றையும் விட்டுவிட்டு 1690-ல் இந்தியா திரும்பினார். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் தேவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

ஓரியூர்ச் சிறையில் பேனா இல்லை, மை இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு துரும்பால் கடைசிக் கடிதங்களை எழுதினார். சந்தோஷமாகக் காத்திருக்கிறேன் என்றார். பிப்ரவரி 4, திருநீற்றுப் புதனன்று தலை வெட்டப்பட்டது. 1947-ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் மக்கள் மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள்.

எது சரி என்று தெரிந்துகொள்வது தேவருக்குக்கூடச் சுலபமாகத்தான் இருந்திருக்கும். நம்மால் காப்பாற்ற முடியாமல் போகிறவர்களைத் தேவன் கையில் விடுகிற இடத்தில்தான் விசுவாசம் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை மூட்டக்காரரின் மண் ஒட்டிய விரல்களில் பார்த்தேன்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் மூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தா, அங்கிட்டுப் புகையுது பாரு” என்றபடி குனிந்து, தானே ஒரு கை மண் அள்ளினார்.

(தொடரும்)