நூறு கிராம் தீவனத்தின் கணக்கு

கொல்லையில் அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் கழிவே செடிக்கு உரமாகும் தோட்டம், அமைக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது தொட்டியின் விலையை. ஆனால் கணக்கேட்டின் முதல் வரி தீவனம். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தொட்டியில் விழப்போகிறது என்பது தெரிந்தால் செடிக்கு எவ்வளவு இடம், ஜல்லி எவ்வளவு, பம்பு எவ்வளவு என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2014இல் வெளியிட்ட கையேடு, கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்கிறது. காய் காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம். விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் மிதவைப் பலகை முறையை வளர்த்தெடுத்த ஜேம்ஸ் ரக்கோசி பயன்படுத்தியது 60 முதல் 100 கிராம். முதல் முறை இறங்குபவர் 45 கிராமை வைத்துக்கொண்டு கீரையோடு நிற்பது நல்லது. தக்காளியை அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

ஆயிரம் லிட்டர் ஐ.பி.சி. டேங்க் இரண்டு வாங்குவோம். இரும்புக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி, 1.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். ஒன்றின் மேல்பகுதியை வெட்டினால் மீன் தொட்டி. 850 லிட்டர் நிற்கும். இன்னொன்றை மேல்பாதி, கீழ்ப்பாதியாக அறுத்தால் இரண்டு செடிப் படுகைகள். உள்ளளவு ஒவ்வொன்றும் சுமார் 1.1 சதுர மீட்டர். ஆக 2.2 சதுர மீட்டர், 45 கிராம் வீதம் நாளுக்கு ஏறத்தாழ 100 கிராம் தீவனம். இனி எல்லாம் இந்த நூறிலிருந்துதான். பழைய டேங்க் வாங்கும்போது முன்பு என்ன இருந்தது என்று சீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். கிளிசரின், சர்க்கரைப் பாகு என்றால் கழுவி எடுத்துக்கொள்ளலாம். அமிலமோ பூச்சிமருந்தோ இருந்தது என்றால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

32 சதவீதப் புரதமுள்ள தீவனம் 100 கிராமில் சுமார் 5 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 3 கிராம் அம்மோனியாவாக நீரில் சேரும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஒட்டி வாழப் பரப்பு வேண்டும். சதுர மீட்டருக்கு நாளுக்கு 0.57 கிராம் என்ற நிதானமான அளவை எடுத்தால் 5.3 சதுர மீட்டர் போதும். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு படுகையிலும் நிரப்பும் 20 மி.மீ. ஜல்லி 0.66 கன மீட்டர். கற்களை உருண்டையாகக் கொண்டு கணக்கிட்டால் அதன் மேற்பரப்பு 119 சதுர மீட்டர் வருகிறது. தேவையைப் போல 22 மடங்கு! விலையுயர்ந்த பாக்டீரியா பாட்டில்களையும் பிளாஸ்டிக் வடிகட்டி உருளைகளையும் இந்த அளவு அமைப்புக்கு வாங்கத் தேவையில்லை என்பதற்கு இந்த ஒரு எண்ணே சாட்சி. பாக்டீரியா தானே வரும். 3 முதல் 5 வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, நைட்ரேட் ஏறத் தொடங்கிய பிறகே குஞ்சு விட வேண்டும்.

ஜல்லியின் எடையைப் பலரும் நினைப்பதில்லை. 0.66 கன மீட்டர் என்பது 23 கன அடி, ஒரு யூனிட்டில் கால் பங்குக்கும் குறைவு. ஆனால் அது ஒரு டன். தண்ணீரோடு சேர்த்து ஒரு படுகை 600 கிலோவைத் தாண்டும். அதனால் மீன் தொட்டியை அரை மீட்டர் மண்ணில் இறக்கி, படுகைகளைத் தாழ்வான ஹாலோ பிளாக் அடுக்கின் மேல் வைப்பதே சரி. கோடையில் நீரும் சூடேறாமல் இருக்கும். மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மனிதர் நடமாடும் கூரைக்கு இந்தியத் தர நெறி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நிரம்பிய மீன் தொட்டி தருவது 700 கிலோவுக்கும் மேல். கட்டடப் பொறியாளர் பார்க்காமல் மாடியில் வைக்கவே கூடாது.

மீன்கள் எத்தனை? 400 கிராம் வளர்ந்த மீன் தன் எடையில் நாளுக்கு 1 சதவீதம் தின்னும் என்று கொண்டால், 100 கிராம் தீவனம் 25 மீன்களுக்குச் சரி. மொத்தம் 10 கிலோ. ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ என்பது கையேட்டின் உச்சவரம்பு. நாம் அதில் பாதியை ஒட்டியே இருக்கிறோம். சேதாரம் சேர்த்து 30 குஞ்சுகள். ஜிலேபிக் கெண்டை முதல் முயற்சிக்கு ஏற்ற மீன். ஆனால் அயல் இனம், வளர்க்க அரசு விதிகள் உண்டு. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதியோடு தொடங்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட இனம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தொடக்கத்தில் இந்த 30 குஞ்சுகளும் 10 கிராம் வீதம் 300 கிராம்தான். 5 சதவீதம் தீவனம் என்றாலும் நாளுக்கு 15 கிராம். அது சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக் கீரைக்குத்தான் கட்டும். முதல் மாதமே இரண்டு படுகையையும் நிறைய நட்டுவிட்டு, இலை மஞ்சளாகிறதே என்று மனம் உடைகிறவர்கள் இந்த எண்ணை மட்டும் தெரிந்திருந்தால் போதும். ஒரு படுகையின் ஓரத்தில் தொடங்கி, தீவனம் ஏற ஏற நடவை ஏற்ற வேண்டும்.

உயிர் போகும் கணக்கு ஒன்று இருக்கிறது, அது ஆக்சிஜன். 28 டிகிரி வெப்பத்தில் நிறைந்த நிலையில் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம், 850 லிட்டரில் மொத்தம் 6.6 கிராம். 3 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் செலவழிக்கக்கூடியது 4 கிராம். நூறு கிராம் தீவனம் தின்னும் மீன்களுக்கு நாளுக்குச் சுமார் 40 கிராம் வேண்டும், அதாவது மணிக்கு 1.7 கிராம். பம்பும் காற்றுக் குழாயும் நின்றால் இரண்டரை மணி நேரத்துக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். பாக்டீரியா எடுப்பது வேறு. நள்ளிரவில் கரன்ட் போனால் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. பேட்டரியில் தானாக ஓடும் சின்னக் காற்று மோட்டாரை ஆடம்பரப் பட்டியலில் சேர்த்துத் தள்ளிப்போடாதீர்கள். குஞ்சுக்கு முன்பே அது வீட்டில் இருக்க வேண்டும்.

முதலீட்டுக்கு நான் வைத்த விலைகள் மதிப்பீடுதான், உங்கள் ஊர் விலையை இட்டுக்கொள்ளுங்கள். டேங்க் இரண்டு 11,000 ரூபாய். ஜல்லி வண்டி வாடகையோடு 1,800. பிளாக் கல் 720. பம்பு 1,800, காற்று மோட்டார் 1,800, பேட்டரி மோட்டார் 1,500. குழாய், இணைப்புகள் 1,500. டைமர் 700. நீர்ச் சோதனைப் பெட்டி 2,000. நிழல் வலை 1,000. கூட்டினால் 23,820.

நடப்புச் செலவை ஒரு வளர்ப்புக் காலத்துக்கு, 7 மாதம் என்று 210 நாளுக்குப் போடுவோம். 10 கிலோ மீனுக்கு 16 கிலோ தீவனம், கிலோ 80 வீதம் 1,280. குஞ்சு 180. விதையும் இரும்புச் சத்தும் 200. பம்பு 40 வாட், காற்று மோட்டார் 15 வாட், இரவு பகலாக ஓடினால் 277 யூனிட். வீட்டின் இலவச மின்சாரம் ஏற்கெனவே தீர்ந்திருக்கும் என்பதால் யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 1,663. மொத்தம் 3,323. வரவு: மீன் கிலோ 140 வீதம் 1,400. கீரை, சராசரித் தீவனம் நாளுக்கு 76 கிராம், அது 1.7 சதுர மீட்டருக்குச் சமம். சதுர மீட்டருக்கு 1.5 கிலோ வீதம் ஆறு அறுவடையில் சுமார் 15.25 கிலோ, கால் கிலோக் கட்டு 20 ரூபாய் என்று 1,220. மொத்த வரவு 2,620. 703 ரூபாய் கையைக் கடிக்கிறது.

இங்கேதான் 700 ரூபாய் டைமர் பேசுகிறது. மணிக்கு 15 நிமிடம் பம்பு ஓடிப் படுகையை நிரப்பட்டும், மற்ற 45 நிமிடம் நீர் வடிந்து வேருக்குக் காற்று கிடைக்கட்டும். காற்று மோட்டார் மட்டும் நிற்காமல் ஓட வேண்டும். மின்சாரம் 126 யூனிட்டாக, 756 ரூபாயாக இறங்குகிறது. மொத்தச் செலவு 2,416, மிச்சம் 204. பாக்டீரியா குடியேறும் 5 வாரத்து மின்சாரம் 126 கழித்தால் 78 ரூபாய். முதலீட்டை இது தொடவே இல்லை, உழைப்புக்குக் கூலியும் இல்லை. பணம் பண்ணுவதற்கென்றால் இரண்டு சதுர மீட்டர் போதாது. மருந்தடிக்காத கீரையும், தன் கையால் பிடித்த மீனும் வீட்டுக்கு வேண்டும் என்பவர்களுக்கு இது மனநிறைவான கணக்கு.

பராமரிப்பில் இரண்டு எண்கள். 3 கிராம் அம்மோனியா மாறும்போது கால்சியம் கார்பனேட் அளவில் 21 கிராம் காரத்தன்மை கரைகிறது; ஒரு நாளில் ஆவியாகும் சுமார் 18 லிட்டருக்குப் பதிலாக ஊற்றும் கடின ஆழ்துளைக் கிணற்று நீர் 5 கிராமைத் திருப்பித் தரலாம். நம் கருங்கல் ஜல்லி எதுவும் தராது. பி.எச். 6.5க்குக் கீழே சாய்ந்தால் வலைப்பையில் கிளிஞ்சல் தொங்கவிடுங்கள், சுட்ட சுண்ணாம்பு கூடாது. இரும்பு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு 2 மில்லிகிராம்: 11 சதவீத டி.டி.பி.ஏ. இரும்பு என்றால், படுகையில் தங்கும் நீரோடு சேர்த்து 900 லிட்டருக்கு 16 கிராம்.

அடுத்த முறை 30 குஞ்சையும் ஒரே நாளில் விட வேண்டாம். தொட்டியின் குறுக்கே வலை கட்டி 15 குஞ்சு இப்போது, 15 குஞ்சு மூன்றரை மாதம் கழித்து என்று விட்டால் தீவனம் பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் ஓடும், இரண்டு படுகையிலும் ஆண்டு முழுவதும் நடவு நிற்கும்.