குழந்தையின் கையில் கைபேசி

காலை ஏழு மணிக்குத் திருநின்றவூர் ரயில் நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், ஆவடிக்கும் பெரம்பூருக்கும் போகிறவர்கள், சென்ட்ரல் வரை போகிறவர்கள் எனப் பலரும் மின்தொடர் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். அவர்களில் பெற்றோர் சிலர் கைபேசியில் பிள்ளையின் பள்ளிச் செய்தியைப் படித்துக்கொண்டிருப்பார்கள். நாளை குடற்புழு மாத்திரை தருகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. கூடவே, நேற்று நடந்த விளையாட்டுப் போட்டியின் படங்கள். முன்பு பள்ளி வாசலில் கரும்பலகையில் எழுதிவைத்த செய்தி இப்போது வண்டி ஏறும் தாயைத் தேடி வந்துவிடுகிறது. இது நல்ல வசதிதான்.

மாலையில் அதே கைபேசி பிள்ளையின் கைக்கு மாறுகிறது. இந்த வழக்கம் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் பல வீடுகளில் கைபேசியே வகுப்பறை. பள்ளி திறந்த பிறகும் கைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, எட்டு வயதுப் பிள்ளையின் மனம் அதன்முன் எப்படி வேலை செய்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாதுகாப்புக்கு வழி தெரியும்.

ஒரு படம் எத்தனை பேருக்குப் போகும்?

தபாலில் ஒரு புகைப்படத்தை அனுப்பினால் அது நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. உலகில் அந்தப் படம் ஒன்றுதான். கைபேசியில் அனுப்பும் படமோ நம்மிடமும் இருக்கிறது, வழியிலுள்ள கணினிகளிலும் இருக்கிறது, பெறுபவரிடமும் இருக்கிறது. அனுப்புவது என்பதே நகல் எடுப்பதுதான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வகுப்புக் குழுவில் 40 பெற்றோர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அந்தப் படத்தை 40 பேர் உள்ள இன்னொரு குழுவுக்கு அனுப்பினால் 1,600 பேரிடம் போகும். அவர்களும் அவ்வாறே செய்தால் 64,000. மூன்றே படிகள்தான். உண்மையில் எல்லோரும் அனுப்பப் போவதில்லை. ஆயினும் எந்தப் படியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று முதலில் அனுப்பியவரால் அறிய முடியாது. தம் கைபேசியில் அழித்துவிட்டால் மற்ற நகல்களெல்லாம் அழிந்துவிடுவதும் இல்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, சீருடை, அடையாள அட்டை, பள்ளிப் பெயர்ப்பலகை தெரியும் படம் ஒரு பிள்ளையை எங்கே, எந்த நேரத்தில் காணலாம் என்பதை அறியாதவருக்கும் சொல்லிவிடும். இரண்டாவது, தவறான படம் ஒன்று வெளியே போய்விட்டால் முதல் படியிலேயே தடுப்பது எளிது. மூன்றாம் படியில் மிகக் கடினம். ஆகவே பிள்ளை நம்மிடம் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறது என்பதே முக்கியமாகிறது.

புறாவும் தானியமும்

“சொன்னால் கேட்பதில்லை, கீழே வைக்கவே மாட்டேன் என்கிறான்” என்று பெற்றோர் அலுத்துக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இது வெறும் பிடிவாதம்தானா?

அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகள் இதற்கு விடை தருகின்றன. பெட்டிக்குள் இருக்கும் புறா ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால், பசி அடங்கியதும் புறா ஓய்ந்துவிடும். சில சமயம் மூன்றாம் கொத்தில், சில சமயம் முப்பதாம் கொத்தில் என்று ஒழுங்கில்லாமல் விழுந்தால் புறா ஓயாமல் கொத்தும். தானியம் அடியோடு நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். “அடுத்த முறை வரலாம்” என்ற எதிர்பார்ப்பே அதைப் பிடித்துவைக்கிறது.

விரலால் தள்ளத் தள்ள வரும் சிறு படக்காட்சிகளும், எப்போது பரிசு தரும் என்று தெரியாத விளையாட்டுகளும் இந்த விதிப்படியே இழுக்கின்றன. போதும் என்று நிறுத்தும் ஆற்றல் மூளையின் முன்பகுதியைப் பெரிதும் சார்ந்தது. அப்பகுதி முழு வளர்ச்சி அடைய இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் ஆகும். பெரியவர்களே தோற்கும் இடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தோற்பதில் வியப்பென்ன? அடித்துப் பிடுங்குவதைவிட, எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்லித் தருவதே பயன் தரும். ஐந்து முதல் பத்து வயதுவரை பொழுதுபோக்குக்காகத் திரை பார்ப்பது நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை.

உறக்கத்தைக் கெடுக்கும் வெளிச்சம்

இருட்டத் தொடங்கியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற பொருளைச் சுரந்து, உறங்கும் நேரம் வந்ததென உடலுக்கு அறிவிக்கிறது. நம் விழித்திரையில் நீல ஒளியை உணரும் தனி வகைச் செல்கள் உள்ளன. இரவில் திரையின் ஒளி அவற்றின்மீது பட்டால் மெலடோனின் சுரப்பது குறைகிறது. குழந்தையின் கண்மணி அகலமானது. கண்ணின் வில்லையும் தெளிவானது. ஆகவே பெரியவரைவிட அதன் விழித்திரையை அதிக ஒளி சென்றடைகிறது.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும். அது குறைந்தால் மறுநாள் வகுப்பில் எரிச்சலும் கவனக் குறைவும் தோன்றும். ஆனால் உறக்கம் கெடுவதற்கு வெளிச்சம் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. சொல்ல முடியாத அச்சமும் உறக்கத்தைக் கெடுக்கும். எனவே நன்றாக உறங்கிய பிள்ளை திடீரென்று உறங்காமல் புரண்டால், சாப்பாட்டை ஒதுக்கினால், நாம் அருகில் வரும்போது கைபேசியை மறைத்தால், காரணத்தைத் தேட வேண்டும்.

பிள்ளை ஏன் சொல்வதில்லை?

ஒரு சிறுமி தாயின் கைபேசியில் விளையாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டுக்குள்ளேயே ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார். தமக்கும் பத்து வயது என்கிறார். விளையாட்டு நாணயங்கள் தருகிறார். சில நாள் கழித்து எந்தப் பள்ளி என்று கேட்கிறார். பிறகு ஒரு படம் கேட்கிறார். கடைசியாக, “அம்மாவிடம் சொல்லாதே, சொன்னால் கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள்” என்கிறார்.

அந்தக் கடைசிச் சொல்லை ஊன்றிக் கவனியுங்கள். அவர் சொல்வது பல வீடுகளில் உண்மைதானே! சொன்னால் அடி விழும், கைபேசி போய்விடும் என்று பிள்ளைக்குத் தெரியும். நம் கோபமே அந்த அந்நியருக்குத் துணையாகிவிடுகிறது.

திருநின்றவூருக்குப் பெருமை சேர்த்த பூசலார் நாயனாரின் கதையை நீங்கள் அறிவீர்கள். கையில் பொருளின்றி மனத்துக்குள்ளேயே அவர் கோயில் கட்டியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அது எழும்பியதை ஊரார் எவரும் காணவில்லை. குழந்தையின் மனத்தில் எழும்பும் அச்சமும் அப்படிப்பட்டதே. வெளியே தெரியாது. நாம் கேட்டால்தான், அதுவும் சினமின்றிக் கேட்டால்தான் தெரியவரும்.

என்ன செய்யலாம்?

இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் ஒரு வாக்குக் கொடுங்கள். “கைபேசியில் எது உன்னைப் பயமுறுத்தினாலும் என்னிடம் சொல். அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். கைபேசியைக் கூடத்தில் எல்லோரும் இருக்கும் இடத்தில் பார்க்கட்டும். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு அதை வைத்துவிடட்டும். பெரியவர்களும் அவ்வாறே வைத்தால்தான் விதி நிலைக்கும்.

பிள்ளை ஏதேனும் சொன்னால் முதலில், “சொன்னது நல்லது” என்று கூறுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவை சான்று. பிள்ளையின் படத்தை விளக்கம் கேட்பதற்காகக்கூட வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் காக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையும் முகத்தையும் பள்ளியையும் வெளியிடக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது.

உதவிக்கு 1098 என்ற இலவச எண் உண்டு. 1996-ல் மும்பையில் தொடங்கிய இந்தக் குழந்தைகள் உதவித் தொலைபேசி இரவும் பகலும் இயங்குகிறது. பிள்ளையே நேரில் பேசலாம். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொல்லிக்கொடுத்தால் மறக்காது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இணைய மோசடியில் பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

பள்ளியிலும் ஒரு வழி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைக் குழுவில் போடுமுன் பெற்றோரின் ஒப்புதல் பெறுகிறோமா? பயந்துபோன ஒரு பிள்ளை பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியுமா?

மாலை வண்டியில் இறங்கி வீடு திரும்பும்போது, “வீட்டுப்பாடம் முடித்தாயா?” என்ற கேள்வியோடு, “இன்று கைபேசியில் என்ன பார்த்தாய்? எனக்கும் காட்டு” என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிடம் போதும். நாளை ஏதேனும் தவறு நேர்ந்தால், பிள்ளை முதலில் தேடி வருவது உங்களையாகத்தான் இருக்கும்.