உயிர்க்கோழி விலையும் உரித்த கோழி விலையும்

புரட்டாசி கழிய இன்னும் ஒரு வாரமே இருக்கும் இத்தருணத்தில், கெடாரிலிருந்து தினந்தோறும் பேருந்தேறி விழுப்புரம் சென்று படிக்கும் மாணவர்களும், அங்கேயே நால்வராக அறையெடுத்துத் தாமே சமைத்துண்பவர்களும் எழுதும் கடிதங்களில் ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது: பத்திரிகையில் அச்சாகும் கறிக்கோழி விலைக்கும் கடைப் பலகையில் எழுதியிருக்கும் விலைக்கும் ஏன் இத்தனை தூரம்? 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்திலும் 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவர்கள், சர்க்கார் உதவித்தொகை என்று சொல்லும் அதனை நாளுக்கு 33 ரூபாயாக வகுத்துப் பார்க்கிறவர்களாதலால், இந்தத் தூரம் அவர்களுக்குச் சாமானிய விஷயமன்று.

அச்சாகும் விலையை அறிவிப்பது பல்லடத்திலுள்ள கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு. 'நிர்ணயம்' என்று கம்பீரமாகச் சொல்லப்பட்டாலும், அது சர்க்கார் ஆணையுமன்று, ஏலத்தில் படிந்த விலையுமன்று. பண்ணை வாசலில் நிற்கும் உயிருள்ள கோழிக்கு உற்பத்தியாளர்கள் தாமே கூடிச் சொல்லும் தொகை. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையனவாகவும், கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் தன்னுடையனவாகவும் ஒப்பந்தத்தில் கோழி வளர்க்கும் குடியானவனுக்கு அந்தத் தொகையும் கிட்டுவதில்லை. வளர்ப்புக் கூலி என்ற பெயரில் கிலோவுக்குச் சில ரூபாய் அவன் கைக்கு வருகிறது.

இனி எடைக் கணக்கு. உயிர்க்கோழி கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கிலோக் கோழி 240 ரூபாய். இறகும் தலையும் காலும் குடலும் தோலும் போக மிஞ்சும் கறி ஏறக்குறைய 1,300 கிராம். ஆகவே கடைக்காரர் ஒரு காசும் லாபம் வைக்காவிட்டாலும் கிலோ 185 ரூபாய் ஆகிவிடும். இவ்வளவில் அவர்மீது குற்றமில்லை. குற்றம், அவ்வளவாக யாரும் கவனியாத வேறோரிடத்தில் இருக்கிறது.

முட்டை பொரிய 21 நாள், குஞ்சு இரண்டு கிலோவாக வளர ஏறக்குறைய 40 நாள் என்று பார்த்தால், புரட்டாசியில் தொங்கும் கோழி ஆடியிலேயே அடைக்கு வைத்த முட்டை. பாதி ஊர் விரதமிருக்கிறதே என்று அதனை ஐப்பசி வரையில் நிறுத்தி வைக்க முடியாது. எடை முற்றிய கோழி ஒவ்வொரு நாளும் தின்னும் தீனி, அந்நாளில் அது ஏற்றும் கறிக்குக் கட்டுப்படியாகாது. எனவே பண்ணை விலை சரிகிறது. ஆனால் சரிந்த விலை கடைப் பலகைக்கு வந்து சேர்வதற்குப் பல நாள் பிடிக்கிறது, ஏறிய விலையோ மறுநாள் காலையிலேயே வந்துவிடுகிறது. இந்த வேகபேதத்துக்குக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் சொல்லும் சமாதானம் எதுவும் எனக்குத் திருப்தியளிக்கவில்லை.

மாணவர் கையில் இருக்கும் உபாயம் தோல்தான். தோலுடன் வாங்கினால் கிலோ விலை குறையும். அத்துடன், தோலை மட்டும் முதலில் வெறும் சட்டியில் இளந்தீயில் வதக்கினால் இறங்கும் கொழுப்பிலேயே வெங்காயமும் தக்காளியும் வதங்கிவிடுமாதலால் எண்ணெய்ச் செலவும் மிச்சம். 40 நாள் கோழி இளங்கறி. மிளகாய்த்தூளும் உப்பும் மஞ்சளும் சேர்த்து மூடி வைத்தால், தன் நீரிலேயே இருபது நிமிஷத்தில் வெந்துவிடும். அரைக் கிலோவில் நால்வர் உண்பதற்கு, இறக்குமுன் ஒரு செம்பு நீர் விட்டுக் குழம்பாக்கிக்கொள்ள வேண்டும். சோறு வடிக்கத் தெரியாதவர்களுக்கு நான் எழுதவில்லை.

ஏனைய கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஹார்மோன் ஊசியா? இல்லை, அந்த வளர்ச்சி தலைமுறை தலைமுறையாக இனம் தேர்ந்தெடுத்ததால் வந்தது.

ஆண்டிபயாடிக்கா? கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கோழிகளுக்குக் கொடுப்பதை 2019-இல் தடை செய்தார்கள். தடை அமலாகிறதா என்று கெடார்க் கடையில் நின்று அறிய வழியில்லை.

பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவலாமா? தெறிக்கும் நீரோடு கிருமியும் தெறிக்கும்.

மீதியை வைக்கலாமா? குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையில், வேண்டாம்.

நாட்டுக்கோழி? சம்பளம் வாங்கிய பிறகு.

ஐப்பசி பிறந்து தீபாவளியும் நெருங்கிவிட்டால் விலை ஏறும். வாங்குகிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே, தோலுடன் எடை போடச் சொல்லி வாங்கிவிடுங்கள்.