பாலியல் நோய்ப் பயம்: எந்த நாளில் சோதிப்பது?

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருக்கும் ஒருவர் யாழ்ப்பாணம் பெரிய வைத்தியசாலைக்குப் போவதென்றால், படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாக பஸ்ஸில் போகவேண்டும். போய்த் திரும்ப ஒரு நாள் முடிந்துவிடும். அன்றைய கூலியும் இல்லை. காய்ச்சலென்றால் வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். பாதுகாப்பில்லாத உடலுறவின் பின் வரும் பயத்தை யாரிடம் சொல்வது? இடம்பெயர்ந்து, ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்களாக இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். ஆகவே பலர் தமது உடம்பிலே தாமே அறிகுறி தேடிக்கொண்டு, நித்திரையின்றி நாட்களைக் கழிக்கிறார்கள்.

அறிகுறியை மட்டும் நம்பலாமா?

நம்பமுடியாது. சலக்கடுப்பு எல்லாம் பாலியல் நோயல்ல. தீவகத்தின் பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீர் போதாமல் வெயிலில் வேலை செய்பவருக்குச் சலம் கடுப்பது வழமை. தொடை இடுக்கில் வரும் சொறி பெரும்பாலும் வியர்வையால் வளரும் பூஞ்சணமே.

மறுபுறத்தில், எந்த அறிகுறியும் இல்லாததால் நோயில்லை என்றும் சொல்லமுடியாது. கொணோரியாவும் கிளமிடியாவும் பெண்களில் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. கவனிக்காமல் விட்டால் பிள்ளைப்பேறற்ற நிலையை உண்டாக்கலாம். சிபிலிசில் வரும் புண் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். புண்தான் ஆறுகிறது, நோய் உள்ளே இருக்கிறது. எச்.ஐ.வி. பல வருடங்கள் மறைந்திருக்கக்கூடும்.

நாட்கணக்கு

விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறி, முளை இல்லை என்று எந்தக் கமக்காரரும் சொல்வதில்லை. நோயும் அப்படித்தான். ஆண்களுக்குக் கொணோரியா பெரும்பாலும் 2 முதல் 7 நாட்களுக்குள் சலக்கடுப்பாகவும் சீழாகவும் தெரியும். கிளமிடியாவுக்கு 1 முதல் 3 வாரம். சிபிலிசுப் புண் சராசரியாக 3 வாரத்தில் வரும். 10 நாளிலும் வரலாம், 90 நாளும் எடுக்கலாம். எச்.ஐ.வி.க்கான இன்றைய ஆய்வுகூட இரத்தப் பரிசோதனை 45 நாட்களின் பின் நம்பத்தக்க முடிவைத் தரும். சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் 3 மாதம் முடிந்ததும் இன்னொரு முறை சோதித்தால் மனம் ஆறுதலடையும்.

ஆனால் இரண்டு சந்தர்ப்பங்களில் காத்திருக்கக் கூடாது. ஒன்று, புண், சீழ், அடிவயிற்று நோ, விதைவீக்கம் இருந்தால் உடனே போகவேண்டும். மற்றது, எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற பலமான ஐயம் இருந்தால் 72 மணித்தியாலத்துக்குள் போகவேண்டும். அதற்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. அது தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். பலவந்தத்துக்கு உள்ளான பெண்ணும் இந்த நேரத்துக்குள் வைத்தியசாலைக்குப் போவது நல்லது. கருத்தரிப்பதைத் தடுக்கவும் அங்கே வழியுண்டு. அவரில் எந்தக் குற்றமும் இல்லை.

கடை மாத்திரை வேண்டாம்

1943இல் அமெரிக்காவில் பென்சிலின் ஊசியால் சிபிலிசு முதன்முதலாகக் குணமாக்கப்பட்டது. இன்றும் அதே பென்சிலின்தான் சிறந்த மருந்து. ஆரம்பத்திலே கண்டால் ஒரே தடவை போடும் ஊசி போதும். கொணோரியாவோ பழைய மருந்துகள் பலவற்றுக்கு மசியாமல் போய்விட்டது. கடையில் ஏதோவொரு மாத்திரையை வாங்கி அரைகுறையாக விழுங்கினால் நோய் பதுங்குமே தவிர மாறாது.

நோய் கண்டால் துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். இல்லையேல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது திரும்பவும் வரும். முடிவு தெரியும்வரை உறவைத் தவிர்க்கவேண்டும், அல்லது ஆணுறை பாவிக்கவேண்டும். மனைவி கர்ப்பிணியாக இருந்தால் இது பிள்ளையின் உயிர்ப் பிரச்சினை. கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்து உரிய சிகிச்சை அளித்ததாலேயே, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. ஆகவே கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடவேண்டாம்.

ஒரே கிணற்றில் அள்ளுவதால், ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதால், நுளம்பு கடிப்பதால் இந்நோய்கள் தொற்றுவதில்லை. பக்கத்துக் குடும்பத்தை ஒதுக்கிவைக்கக் காரணம் எதுவுமில்லை.

எங்கே போவது?

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. விபரங்கள் இரகசியமாக வைக்கப்படும். கிழமை நாளொன்றில், காலைப் படகில் புறப்படுங்கள். உடலுறவு நடந்த திகதியை நினைவில் வைத்து வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்தச் சோதனையை இன்று செய்வது, எதற்குத் திரும்ப வரச்சொல்வது என்பதை அவர் அந்தத் திகதியை வைத்தே முடிவு செய்வார்.