மலை இறங்கும் நீர், மலை ஏறும் பூ

ஓணத்தின் பத்து நாள் பூக்களத்துக்குப் பின்னால் எல்லையின் இரு பக்கத்துக் குடும்பங்களும் போடும் கணக்கு இருக்கிறது.

ஆவணி பிறந்து அத்தம் நட்சத்திரம் நெருங்கியதும் குமுளியிலும் போடிமெட்டிலும் வாளையாற்றிலும் சோதனைச் சாவடிகளைக் கடக்கும் வண்டிகளின் வாசனை மாறிவிடுகிறது. ஆண்டு முழுக்கக் காய்கறியும் முட்டையும் வைக்கோலும் போகும் அதே பாதையில் செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, அரளி, சம்பங்கி என்று சாக்குச் சாக்காகப் பூ போகிறது. அத்தத்தில் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் கேரளத்து வாசல்களில் விரியும் பூக்களங்களின் பெரும்பகுதி, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விடியற்காலையில் பறிக்கப்பட்டது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஓணப் பூ ஒரு காலத்தில் விலைக்கு வாங்கும் பொருளே அல்ல. கர்க்கடக மழை ஓய்ந்ததும் வரப்பிலும் வேலியோரத்திலும் தானாகப் பூத்த தும்பை, முக்குற்றி, காக்காப்பூ, வெட்சி ஆகியவற்றைச் சிறுவர்கள் கூடையோடு போய்ப் பறித்து வந்தார்கள். முற்றத்தைச் சாணத்தால் மெழுகி அம்மாவும் பாட்டியும் களம் போட்டார்கள். விதைக்காமலே பூத்த அந்தத் தோட்டத்துக்கு வயல்தான் வேலி. 1970களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெல் பரப்பு இப்போது சுமார் 2 லட்சம் ஹெக்டேர். வயல் சுருங்கியபோது வரப்பும் போயிற்று, வரப்பில் நின்ற தும்பையும் போயிற்று. தும்பையின் வெள்ளைக்குச் சம்பங்கியும் அரளியும் பதிலாள்களாக வந்தன. மஞ்சளையும் ஆரஞ்சையும் செண்டுமல்லி எடுத்துக்கொண்டது.

இந்த வேடிக்கையில் மலைக்கும் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவமழை இடுக்கி மலைகளில் கொட்டித் தீர்க்கும் ஜூன், ஜூலையில், மலைக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் காற்றும் வெயிலும்தான். அதிக மழையில் செண்டுமல்லி அழுகிவிடும், மிதமான வெயிலில் செழிக்கும். ஆனால் வெயில் மட்டும் போதாதே, தண்ணீர்? அதையும் மலைதான் தருகிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கும் நீர், கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களை நனைத்து, கிணறுகளின் ஊற்றையும் காப்பாற்றுகிறது. இடுக்கியில் பெய்த மழை தேனி மாவட்டத்தில் நிலத்துக்குள் இறங்கி, சீலையம்பட்டிப் பூ மார்க்கெட் வழியாகப் பூவாகி மீண்டும் மலையேறுகிறது.

பாலக்காட்டுப் பக்கமும் இதே கொடுக்கல் வாங்கல்தான். 1970இல் கையெழுத்தாகி, 1958 முதலே அமலுக்கு வந்ததாக வைத்துக்கொள்ளப்பட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தின்படி பாலக்காட்டு மலைநீர் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்கு வருகிறது. பதிலுக்குச் சித்தூர்ப் புழை வழியாகக் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. போக வேண்டும். நீருக்கு ஒப்பந்தம் உண்டு, வழக்கு உண்டு, கண்காணிக்கக் குழுக்கள் உண்டு. பூவுக்கு அப்படி எதுவும் இல்லை. வியாபாரியின் வாய்ச்சொல்லும் விவசாயியின் நம்பிக்கையும்தான் அங்கே ஒப்பந்தம்.

அந்த நம்பிக்கை நட்சத்திரத்தின் மேல் வைக்கப்பட்டது. செண்டுமல்லி நாற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம், நட்ட பின் பூக்க இரண்டு மாதம். ஆனால் திருவோணம் ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணித்தான் விதை போட வேண்டும். ஒரு வாரம் முந்தினால் பூ முதிர்ந்துவிடும். ஒரு வாரம் பிந்தினால் திருவோணம் முடிந்து விலை தரைக்கு வந்திருக்கும், பறிகூலிக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவதும் உண்டு.

எண்ணிக்கை சரியாக இருந்தும் கணக்குத் தவறிய ஆண்டுகள் இருக்கின்றன. 2018இல் திருவோணம் ஆகஸ்ட் 25. அதற்குப் பத்து நாள் முன்பு கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. அரசு ஓண விழாக்களை ரத்து செய்து பணத்தை நிவாரணத்துக்குத் திருப்பியது. கிழக்கே பூ மட்டும் யாருக்கும் காத்திராமல் பூத்து நின்றது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியும் இரவிகுளத்தில் அந்த ஆண்டுதான் மலர்ந்தது. மூணாறுக்குச் செல்லும் சாலைகள் சிதைந்து கிடந்ததால் பார்க்க வந்தவர்கள் குறைவு. அது அடுத்து மலர வேண்டியது 2030இல்.

2020இல் நோய்த்தொற்று பயத்தால், உள்ளூர்ப் பூவைக் கொண்டே களம் இடுங்கள் என்று கேரள அரசு கேட்டுக்கொண்டது. 2024 ஜூலை 30இல் வயநாட்டு நிலச்சரிவு. அரசின் ஓண வாரக் கொண்டாட்டம் கைவிடப்பட்டபோது செடிகள் ஏற்கெனவே நிலத்தில் வேர் பிடித்திருந்தன. துக்க வீட்டில் விழா இல்லை என்பது யாருக்கும் புரியும். ஆனால் அந்தத் துக்கத்தின் ஒரு பங்கு மலைக்கு இந்தப் பக்கம் கடனாக வந்து சேர்ந்தது என்பது அதிகம் பேசப்படவில்லை.

சில ஆண்டுகளாகக் கேரளத்தில் இன்னொரு மாற்றமும் தெரிகிறது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் ஓணத்தைக் குறிவைத்துச் செண்டுமல்லி பயிரிடுகின்றன. தரிசாகக் கிடந்த நிலங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கிறது. விற்றதுபோக வீட்டு வாசலுக்கும் பூ மிஞ்சுகிறது. குழந்தைகளுக்கு மறுபடியும் பறிக்க ஒரு தோட்டம் கிடைத்திருக்கிறது. மழை பிந்தினால் அழுகல் அபாயம் உண்டு என்பதால் கிழக்கத்திப் பூவின் தேவை சட்டென்று நின்றுவிடாது. ஆனாலும் ஓணம் ஒன்றையே நம்பி விதைப்பது எவ்வளவு நாளைக்கு என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

ஓணம் மட்டுமே சந்தை அல்ல என்பது ஒரு ஆறுதல். மலையாளிகளின் சிங்கமும் தமிழரின் ஆவணியும் ஒரே மாதம். கர்க்கடகத்திலும் ஆடியிலும் ஒத்திவைத்த கல்யாணங்கள் இரு பக்கமும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. 2024 செப்டம்பர் 8இல் குருவாயூரில் மட்டும் ஒரே நாளில் 300க்கும் மேற்பட்ட திருமணங்கள். கல்பாத்தி அக்ரகாரத்தில் ஆவணி அவிட்டம், சித்தூர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் விநாயகர் சதுர்த்தி, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களில் ஓணமும் உண்டு, ஊர்த் திருவிழாவும் உண்டு. மாமன் கம்பத்திலும் மச்சான் வண்டிப்பெரியாற்றிலும் இருக்கும் வீடுகளுக்குப் பண்டிகை எந்த மொழியுடையது என்ற சந்தேகம் வந்ததில்லை. மதுரையில் ஓண விழா நடந்ததை மதுரைக்காஞ்சியே பதிவு செய்திருக்கிறது.

இத்தனைக்கும் பூக்களத்தின் நாயகனான செண்டுமல்லி இந்த மண்ணின் செடியே அல்ல. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் தோன்றிக் கடல் கடந்து வந்தது. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்த முன்னோரை வீட்டுக்கு அழைக்க இதே பூவின் இதழ்களைப் பாதையில் தூவுகிறார்கள். இங்கே மாவலி மன்னனை வரவேற்க வாசலில் பரப்புகிறார்கள். போனவர் திரும்பி வரும் நாளுக்கு உரிய பூ என்று இரண்டு நாட்டு வீடுகளும் தனித்தனியாக முடிவு செய்திருக்கின்றன.

நீருக்காக இரு மாநிலங்களும் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றியபோது குமுளிப் பாதை பல நாள் மூடிக் கிடந்தது. ஆனால் அடுத்த ஆவணியில் பூ வண்டிகள் வழக்கம்போல மலையேறின. அந்த வண்டிகளை எதிர்பார்த்துத்தான் இப்பக்கத்து விவசாயி ஆண்டுதோறும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, திருவோணத்திலிருந்து தொண்ணூறு நாளைப் பின்னோக்கி எண்ணுகிறார்.